குற்றவாளி ஆக்சுவேட்டர்தானா?

எஸ்.பி.என். 641, எஃப்.எம்.ஐ. 7.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் ஸ்கேனரைச் செருகினால் அடிக்கடி தலைகாட்டும் எண்கள் இவை. முதல் எண், கோளாறு எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று சொல்கிறது: டர்போசார்ஜரின் வேரியபிள் ஜியாமெட்ரி ஆக்சுவேட்டர். இரண்டாவது எண் கோளாறின் வகை: இயந்திரப் பகுதி கட்டளைக்கு இணங்கவில்லை, அல்லது அதன் அமைவு பிசகியிருக்கிறது. இவ்வளவையும் படித்துவிட்டு, 'ஆக்சுவேட்டர் போய்விட்டது, மாற்றிவிடுவோம்' என்று முடிவு கட்டும் பட்டறைகள் பல. புது ஆக்சுவேட்டர் போட்ட வண்டி சில நாளில் அதே எண்களோடு திரும்பி வந்து நிற்பதும் அங்கே புதிதல்ல.

'நான் தள்ளினேன், அது நகரவில்லை' என்பதுதான் அந்த எண்களின் முழுப் பொருள். தள்ளியவனுக்குப் பலம் போதவில்லையா, தள்ளப்பட்டது இறுகிக் கிடக்கிறதா, அல்லது தள்ளச் சொன்ன கட்டளையே அரைகுறையாக வந்ததா என்பதற்கு அதில் விடை கிடையாது. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே தள்ளுவது போன்ற விசாரணைதான், அந்த எண்களைப் பார்த்தவுடன் ஆக்சுவேட்டரை மாற்றுவது. அது எதைத் தள்ளுகிறது, ஏன் தள்ளுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரம் வராது.

டீசலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டியை இழுக்காமலேயே சூடான புகையாக வெளியேறிவிடுகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பலாம் என்று 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. காற்று கூடினால் அதற்கேற்ப டீசலையும் கூட்டி எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். இன்றைய லாரி டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடக்கூடியது. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு சுமார் 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகமே 343 மீட்டர்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு; பெரிய டர்போ அப்போது சோம்பிக் கிடக்கும். அதற்காகச் சின்ன டர்போவை வைத்தால் மெதுவேகத்தில் இழுவை கிடைக்கும். ஆனால் எஞ்சின் முழு வேகம் பிடிக்கும்போது வரும் புகை அதில் நெரிபட்டு, சக்கரம் தாங்கும் எல்லையைக் கடந்து சுழலும். பழைய தீர்வு வேஸ்ட்கேட்: காற்றழுத்தம் அளவைத் தாண்டியதும் ஒரு கதவு திறந்து, மிஞ்சிய புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ புகையை இப்படி வீணாக்குவதில்லை. அது சக்கரத்துக்குப் போகும் வாயையே குறுக்குகிறது, அகட்டுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சியடிப்பதைப் பார்த்திருப்போம். குறைந்த புகையையும் அதே வழியில் பீய்ச்சியடித்துச் சக்கரத்தைச் சுழற்ற முடிகிறது.

வாயைக் குறுக்க இரண்டு வழிகள் உண்டு. சக்கரத்தைச் சுற்றிலும் சிறு இதழ்களை நட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்புவது ஒன்று. இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பிறந்து, 1973இல் எஞ்சின் நிறுவனமான கம்மின்ஸ் கைக்குப் போன ஹோல்செட் நிறுவனம் வேறு வழியில் போனது. இதழ்கள் திரும்புவதில்லை. அவை ஒரு வளையத்தின் மேல் நிலையாக நிற்கின்றன; அந்த வளையம் தண்டின் திசையில் முன்னும் பின்னும் நகர்ந்து புகை வரும் பாதையை அகலமாக்குகிறது, குறுக்குகிறது. எதிர்ப்பக்கத் தகட்டில் உள்ள துளைகளுக்குள் இதழ்கள் நுழைந்துகொள்ளும். நகரும் உறுப்புகள் குறைவு என்பது இந்த வடிவமைப்பின் பெருமை. வளையத்தைத் தாங்கும் இரண்டு தண்டுகள், அவற்றைத் தள்ளும் ஒரு கவை, கவையைத் திருப்பும் குறுக்குத் தண்டு, அதன் முனையில் விசிறி வடிவப் பல்சக்கரம்: அவ்வளவுதான். ஆக்சுவேட்டரின் சிறிய பல்சக்கரம் இந்த விசிறியைப் பிடித்துத் திருப்புகிறது.

இந்த ஏற்பாடு அமெரிக்க லாரிகளுக்குள் நுழைந்த கதையில் எஞ்சினியர்களைவிட வழக்கறிஞர்களுக்குப் பங்கு அதிகம். 1998 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நீதித்துறையும் ஏழு டீசல் எஞ்சின் நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சோதனைச் சாலையில் விதிக்குள் அடங்கி, நெடுஞ்சாலையில் போகும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை அதிகமாகக் கக்கும்படி எஞ்சின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. உடன்பாட்டின்படி, 2004இல் வரவேண்டிய கடுமையான வரம்பை அந்த நிறுவனங்கள் 2002 அக்டோபரிலேயே எட்ட வேண்டியிருந்தது. கேட்டர்பில்லர் தனி வழி தேடியது. கம்மின்ஸ் உள்ளிட்ட மற்றவர்கள், புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் இ.ஜி.ஆர். முறையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே எரிந்த புகை உள்ளே கலந்தால் எரியும் வெப்பநிலை தணியும். நைட்ரஜன் ஆக்சைடு குறையும்.

ஆனால் டர்போ அமுக்கி அனுப்பும் காற்று ஏற்கெனவே அழுத்தத்தோடு உள்ளே நிற்கிறது. அதை எதிர்த்துப் புகை உள்ளே நுழைய வேண்டுமென்றால் புகைப் பக்கத்து அழுத்தம் அதைவிட உயர வேண்டும். அந்த அழுத்தத்தைக் கூட்டும் வேலையும் நகரும் வளையத்தின் தலையில் விழுந்தது. எஞ்சின் பிரேக் போடும்போது வளையம் புகைப் பாதையைக் குறுக்கி, எஞ்சினைத் திணறவைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கவும் உதவுகிறது. ஆக, இழுவை, மாசுக் கட்டுப்பாடு, பிரேக் மூன்றும் ஒரே வளையத்தை நம்பியிருக்கின்றன. தொடக்கத்தில் கம்மின்ஸ் ஐ.எஸ்.எக்ஸ். எஞ்சினில் அதை வண்டியின் காற்றழுத்தமே நகர்த்தியது. 2007ஆம் ஆண்டு வரம்புக்காக வந்த எஞ்சின்களில் மின்சார ஆக்சுவேட்டர் வந்தது. நம் விசாரணைக்கு உரியது அதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் டர்போவின் இடுப்பில் ஒட்டிய ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே தூரிகையில்லாத மின்மோட்டார் ஒன்று, அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று கணக்குவைக்கும் உணரிகள், சொந்தமாக ஒரு சிறு கணினி. அதற்குப் போகும் வயர்கள் நான்குதான்: மின்சாரத்துக்கு இரண்டு, பேச்சுக்கு இரண்டு. எஞ்சினின் தலைமைக் கணினி ஜே1939 என்ற தகவல் தடத்தின் வழியாக 'வளையத்தை இந்த அளவுக்கு நகர்த்து' என்று சொல்கிறது. ஆக்சுவேட்டர் நகர்த்திவிட்டு, 'இந்த அளவில் நிற்கிறேன்' என்று பதில் சொல்கிறது. பக்கத்திலேயே 600, 700 டிகிரியில் கொதிக்கும் டர்பைன் கூடு. அதனால் பெட்டிக்குள் கூலண்ட் ஓடவிட்டிருக்கிறார்கள். 90 டிகிரிச் சூட்டில் இருக்கும் கூலண்ட் இங்கே குளிர்விக்கும் வேலை செய்கிறது என்றால், பக்கத்து வீட்டின் சூட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி பட்டறை.

ஸ்கேனரைத் தொடும் முன் ஓட்டுநரிடம் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. கலிஃபோர்னியாவின் டானர் கணவாய் போன்ற ஏற்றத்தில் 36 டன் எடையோடு ஏறும்போது இழுவை இல்லை என்பார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போவின் குறைகள் அங்கேதான் அம்பலமாகும். அடுத்த கேள்விதான் முக்கியம்: இறக்கத்தில் எஞ்சின் பிரேக் எப்படிப் பிடிக்கிறது? இழுவையும் போய், பிரேக்கும் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் பொதுவான வளையத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது. பிரேக் நன்றாகப் பிடித்து இழுவை மட்டும் குறைந்தால், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இது துப்புத்தான், தீர்ப்பல்ல. ஆனாலும் ஆயிரக்கணக்கான டாலர் டர்போவைக் கழற்றும் முன் சோப்பு நீரைக் குழாய் இணைப்புகளில் தெளித்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது எஃப்.எம்.ஐ. எண். இதைப் படிக்காமலேயே 641ஐ மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 7 வந்தால் இயந்திரப் பகுதி இணங்கவில்லை. 9 வந்தால் ஆக்சுவேட்டரிடமிருந்து தகவல் உரிய இடைவெளியில் வரவில்லை; அதாவது பேச்சு தடைபடுகிறது. 12 வந்தால் ஆக்சுவேட்டரின் உள்ளே கோளாறு. 13 வந்தால் அதன் அளவைக் கணக்கு தப்பியிருக்கிறது. 12ஐத் தவிர வேறெந்த எண்ணும் 'என்னை மாற்று' என்று நேரடியாகக் கேட்கவில்லை. 12 கூட, மின்சாரம் சரியாக வருகிறது என்று உறுதியான பிறகுதான் நம்பத்தக்கது.

மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதில்தான் ஒரு பழைய தவறு ஒளிந்திருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். 'சப்ளை ஓகே' என்று நகர்ந்துவிடுவார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட சுழி. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஒரு பின்னில் பச்சைப் பாசி பிடித்து அங்கே 0.3 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வையுங்கள். மோட்டார் பலங்கொண்டு தள்ளும்போது 10 ஆம்பியர் இழுத்தால், ஓம் விதிப்படி 3 வோல்ட் அந்தப் பாசியிலேயே தொலைந்துவிடும். வளையம் லேசாக நகரும் வரை எல்லாம் சரியாக இருக்கும். கொஞ்சம் இறுகும் நேரத்தில், அதாவது பலம் தேவைப்படும் நேரத்தில் பார்த்து, மோட்டாருக்குப் பலம் இருக்காது. திரையில் வருவது எஃப்.எம்.ஐ. 7. பழி டர்போவுக்கோ ஆக்சுவேட்டருக்கோ போகும்.

இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. மின்சாரம் வரும் இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்து, அது எரிந்துகொண்டிருக்கும்போது வோல்ட் பார்ப்பது. பல்பு நான்கைந்து ஆம்பியர் இழுக்கும். அதே 0.3 ஓம் பாசி இருந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும், களவு பிடிபடும். தகவல் வயர்கள் இரண்டிலும் இந்தப் பல்பைத் தப்பித்தவறியும் வைக்கக் கூடாது. அவற்றுக்கு வேறு சோதனை. ஜே1939 தடத்தின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் தடை உண்டு. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனைத் தடை காணாமல் போயிருக்கிறது அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. சுழிக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ உரசி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஃப்.எம்.ஐ. 9 வந்த வண்டியில் இந்த அளவீட்டைச் செய்யாமல் ஆக்சுவேட்டர் வாங்குவது பணத்தை வாரி இறைப்பது.

வயரிங் தேறிவிட்டால் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கூலண்ட் இறக்கியிருக்க வேண்டும், சாவி எடுத்திருக்க வேண்டும். மின்சாரம் உள்ளபோது அந்தப் பல்சக்கரம் முன்னறிவிப்பின்றித் திரும்பும். விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும். கழற்றியதும் விசிறிப் பல்சக்கரம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நகர்த்திப் பார்ப்பதுதான் இந்த விசாரணையிலேயே மதிப்புமிக்க சோதனை. கருவி எதுவும் வேண்டாம்.

வழுவழுவென்று முழுத் தூரமும் போய் வந்தால் டர்போ நிரபராதி; சந்தேகம் ஆக்சுவேட்டரின் மேல் திரும்புகிறது. பாதி வழியில் தடுக்கினால், அல்லது பலங்கொண்டு தள்ள வேண்டியிருந்தால் வளையம் கரி பிடித்து இறுகியிருக்கிறது. இப்போது எத்தனை புது ஆக்சுவேட்டர் போட்டாலும் ஒவ்வொன்றும் அதே புகாரைத்தான் எழுதும். சில நாளில் அவற்றின் மோட்டாரும் வீணாகும். எளிதாக நகர்ந்து, ஆனால் ஆட்டம் இருந்தால் குறுக்குத் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் சொல்லும் நிலை ஒன்று, வளையம் நிற்கும் நிலை வேறொன்று. பல் உடைந்திருந்தால் அதுவும் இங்கே கண்ணில் படும்.

கரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பல வழக்குகளில் உண்மைக் குற்றவாளி அதுதான். சுமையோடு ஓடும் எஞ்சினின் புகை சூடானது, அதில் கரி அவ்வளவாகப் படியாது. நிறுத்தி வைத்த இடத்தில் எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடும்போது புகையின் வெப்பம் இறங்கிவிடுகிறது. அரைகுறையாக எரிந்த டீசலும், கசியும் எண்ணெயின் ஆவியும் கரித்தூளைப் பிணைத்துப் பசையாக்கும்; அடுத்த சூட்டில் அது அரக்காக இறுகும். குளிர்கால இரவில் கேபின் சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கும் அமெரிக்க ஓட்டுநரின் பழக்கம் இதற்குத் தோதானது. கலிஃபோர்னியா மாநிலம் ஐந்து நிமிடத்துக்கு மேல் இப்படி ஓடவிடுவதைத் தடுத்திருக்கிறது. காற்றுக்காகப் போட்ட சட்டம் டர்போவுக்கும் நல்லது.

வளையம் ஒரே நிலையில் நெடுநேரம் நின்றால், அது போய்வராத பகுதியில் கரி வரம்பு கட்டிவிடும். பிறகு ஒருநாள் அந்த வரம்பைத் தாண்டச் சொன்னால் தடுக்கும். எஞ்சின் பிரேக்கை அடிக்கடி பயன்படுத்துகிறவர்களின் டர்போ சுத்தமாக இருப்பது இதனால்தான்: பிரேக் போடும்போதெல்லாம் வளையம் பெரிய தூரம் போய்வருகிறது, வரம்பு கட்ட நேரமில்லை. கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடும் பட்டறைகளும் உண்டு. அது பாதி வேலை. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டர்போவின் எண்ணெய் சீல் போயிருக்கிறதா, இ.ஜி.ஆர். கூலரில் கசிவு இருந்து கூலண்ட் புகையோடு கலக்கிறதா என்று பார்க்காவிட்டால் கரி மறுபடியும் வரும்.

கடைசியில் ஆக்சுவேட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்து, புதிதாக ஒன்று வாங்கினாலும் வேலை போல்ட் முறுக்குவதோடு முடிவதில்லை. புது ஆக்சுவேட்டருக்கு இந்த டர்போவின் இரண்டு கோடிகளும் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. நிறுவனத்தின் மென்பொருளை இணைத்து, முதலில் அதன் பல்சக்கரத்தைப் பொருத்தும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விசிறிப் பல்சக்கரத்தையும் கையேடு சொல்லும் நிலையில் வைத்துப் பற்களைச் சேர்க்க வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்கிய பின் அளவைத் திருத்தம் செய்ய வேண்டும். அப்போது அது இரு கோடிகளையும் தானே தொட்டுப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும். ஒரே ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் கணக்கு முழுதும் தள்ளிப்போகும். அப்படி வரும் எஃப்.எம்.ஐ. 13ஐப் பார்த்துவிட்டு, 'புதுப் பொருளே டூப்ளிகேட்' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கும் இது தூரத்துக் கதை இல்லை. நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் பழைய லாரிகளின் டர்போ என்றால் வேஸ்ட்கேட்தான். அதன் ஆக்சுவேட்டரில் ரப்பர் டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் ராடும் தவிர வேறெதுவும் இல்லை. கைப்பம்பில் அளந்து காற்று கொடுத்து, கையேட்டில் சொன்ன அழுத்தத்தில் ராடு நகர ஆரம்பிக்கிறதா, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. அழுத்தம் நின்று ராடு நகராவிட்டால் கதவு இறுகியிருக்கிறது; அழுத்தமே நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ராடைத் திருகி நீளத்தைக் குறைத்து 'பிக்கப்' ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்க வேண்டாம். கதவு தாமதமாகத் திறக்கும், டர்போ எல்லை மீறிச் சுழலும், இழுவை கூடியதாகத் தெரியும் சில மாதங்களுக்குப் பின் டர்போவே போகும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்துவிட்டது. புதிய லாரிகளின் எஞ்சினைக் கணினி ஆள்கிறது. தகவல் தடமும் எஸ்.பி.என்., எஃப்.எம்.ஐ. எண்களும் நம் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. மின்னழுத்தம் அங்கே 12, இங்கே 24 வோல்ட். ஓம் விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் மாற்றியதாகப் பில் வந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பழையதைக் கழற்றியதும் டர்போவின் பல்சக்கரத்தைக் கையால் நகர்த்திப் பார்த்தீர்களா, சப்ளை வயரில் சுமை கொடுத்து வோல்ட் எவ்வளவு இருந்தது, புதியதற்கு அளவைத் திருத்தம் முடிந்ததாக மென்பொருள் சொன்னதா. மூன்றுக்கும் பதில் வராவிட்டால், கழற்றிய பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.